லே நகரில் ஐம்பத்திரண்டு நாட்கள்

தமிழர் இமயத்தை நெடுங்காலமாக அறிவர். சேர மன்னன் நெடுஞ்சேரலாதன் இமயவரம்பன் எனப் பெயர் பெற்றான். அவன் மகன் செங்குட்டுவன் கண்ணகிக்குப் படிமம் சமைக்க இமயத்துக் கல்லைக் கொணர்ந்ததைச் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் விரித்துரைக்கின்றது. காரைக்கால் அம்மையார் தலையாலே நடந்து கயிலை ஏறிய வரலாற்றைப் பெரியபுராணத்தில் படிக்கிறோம். கயிலைக்குப் புறப்பட்ட திருநாவுக்கரசர் இடைவழியில் உடல் தேய்ந்து, அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்ததையும் அதே நூல் கூறுகின்றது. திருஞானசம்பந்தரோ கேதாரம் முதலான வடநாட்டுத் தலங்களுக்கு நேரிற் செல்லாமல், திருக்காளத்தியில் இருந்தவாறே அவற்றைப் பாடினார் என்பது சேக்கிழார் தரும் செய்தி.

இவற்றை ஒருசேர வைத்து நோக்கினால் ஒன்று புலப்படும். நம் இலக்கியத்தில் இமயம் நாட்டின் எல்லையாக நிற்கிறது. மன்னர் வெற்றிக்குச் சான்றாக நிற்கிறது. இறைவன் உறையும் இடமாக நிற்கிறது. அங்கே மக்கள் வாழும் ஊர் ஒன்றேனும் கண்ணிற் படுவதில்லை. வாற்கோதுமை விளையும் வயலும், ஆட்டு மயிர் விலை போகும் கடைத்தெருவும், அயலானைக் கண்டால் ஐயுறும் வணிகனும் அந்த மலையில் உண்டு என்பதை நம் புலவர் பாடவில்லை. அவர்தம் நோக்கம் வேறு; ஆதலின் இதனைக் குறை என்று கூறுவதற்கில்லை. ஆயினும், "இமயத்தில் ஓர் ஊர் அந்நாளில் எப்படி இருந்தது?" என்று ஒரு மாணவன் கேட்டால் ஆசிரியர் எடுத்துக் காட்டுவதற்குச் சான்று வேண்டும். அத்தகைய சான்றுகளுள் சிறந்த ஒன்றை எழுதி வைத்தவர், பின்னாளில் புதுச்சேரிக்கு வந்து தமிழ் கற்றவர் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. அவர் இத்தாலி நாட்டு இயேசு சபைத் துறவி இப்போலிட்டோ தெசிதேரி. அவர் கண்ட ஊர் லடாக்கின் தலைநகரான லே.

சிங்கப்பூரில், அதிலும் தஞ்சோங் பகார் போன்ற கடலோரப் பகுதியில் பழகியவர்க்கு உயரம் என்றால் கட்டடத்தின் உயரமே நினைவுக்கு வரும். 1864ஆம் ஆண்டில் தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் தோன்றிய பின், அங்கே சரக்கேற்றியும் இறக்கியும் உழைத்தவர்களில் தமிழர் பலர். அவர்கள் பார்த்த உலகம் நீர்மட்டத்தில் விரிந்த உலகம். இத்தீவின் மிக உயர்ந்த குன்றான புக்கிட் தீமா 164 மீட்டரே உயர்ந்தது. லே நகரோ கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. புக்கிட் தீமாக் குன்றுகள் இருபத்தொன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்த நகரத்தின் தெருவுக்கு வந்து சேரலாம். அதன் மலையுச்சிக்கு அன்று. அங்குக் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கின்றது. அங்கே 100 மில்லிமீட்டர் பெய்தாலே பெரிது.

இன்று சூன் மாதப் பள்ளி விடுமுறையில் நம்மவர் சிலர் தில்லி வழியாக லே நகருக்குப் போய் வருகின்றனர். தில்லியிலிருந்து வானூர்தியில் ஒன்றரை மணி நேரத்திற்குள் சென்று இறங்கிவிடலாம். இறங்கிய முதல் ஓரிரு நாட்கள் படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்று மருத்துவர் அறிவுறுத்துவர். மெலிந்த காற்றுக்கு உடல் பழகுமுன் ஓடியாடினால் தலைவலியும் குமட்டலும் மூச்சிரைப்பும் வரும். சிலருக்கு உயிருக்கே தீங்காகவும் முடியும். பழைய காலத்து வழிப்போக்கனுக்கு இந்த இடர் குறைவு. அவன் காலால் நடந்து, வாரக் கணக்கில் சிறிது சிறிதாக ஏறினான். உடல் வழியிலேயே பழகிக்கொண்டது. அவனுக்கு வேறு இடர்கள் இருந்தன.

மலைவழிச் செலவும் கடல்வழிச் செலவும் ஒருவர் வாழ்விலேயே இணைவது புதிதன்று. சீனத் துறவி பாகியான் கி.பி. 399இல் தம் நாட்டை விட்டுப் புறப்பட்டு, நடுவாசியப் பாலையையும் பனிமலைகளையும் கடந்து இந்தியாவை அடைந்தார். திரும்புகையில் இலங்கையில் இரண்டாண்டு தங்கி, அங்கிருந்து கப்பலேறித் தென்கிழக்காசியக் கடல்வழியே தாயகம் சேர்ந்தார். நம் கடலும் அந்த மலையும் ஒரே மனிதரின் கால்தடத்தில் சேர்ந்திருந்தன. தெசிதேரியின் பயணமும் இவ்வகையினதே. ஆனால் அவர் கடலிலிருந்து மலைக்குப் போய், மலையிலிருந்து நம் மொழிக்கு வந்தார்.

தெசிதேரி 1684ஆம் ஆண்டு இத்தாலியின் பிஸ்தோயா நகரில் பிறந்தவர். 1712இல் உரோமையிலிருந்து புறப்பட்டு, 1713இல் கோவாவில் கரையிறங்கினார். திபெத்தில் முன்பே ஒரு முயற்சி நடந்திருந்தது. அந்தோனியோ தெ அந்திராதே என்னும் போர்த்துக்கேயத் துறவி 1624இல் மேலைத் திபெத்தின் சாபரங்கை அடைந்து, அங்கே ஒரு கோயிலும் எழுப்பினார். அவருக்குப் பின் பிரான்சிஸ்கோ தெ அசவேது 1631இல் லே நகருக்கே சென்று மீண்டார். அம்முயற்சி சில ஆண்டுகளில் தளர்ந்து மறைந்தது. அறுந்த இழையை மீண்டும் கட்டுவதே தெசிதேரிக்கு இடப்பட்ட பணி. தில்லியில் அவருக்குத் துணையாக மனுவேல் பிரெய்ரே என்னும் துறவி சேர்ந்தார். இந்தியாவில் பல்லாண்டு பழகிய இவரே இருவருள் தலைவர். இந்தத் தலைமை பின்னர் வரலாற்றின் போக்கையே மாற்றியது. அதனைப் பிறகு காண்போம்.

இருவரும் 1714ஆம் ஆண்டு இறுதியில் காசுமீர் வந்து, குளிர்காலம் முழுதும் சீனகரில் தங்கினர். தெசிதேரி அங்கே நோயுற்று வருந்தினார். அந்நிலையிலும் பாரசீக மொழியைக் கற்றார். 1715 மே 17ஆம் நாள் அங்கிருந்து புறப்பட்டு, சூன் 26ஆம் நாள் லே சேர்ந்தனர். நாற்பது நாள் நடை. குதிரை செல்லும் அகலங்கூட இல்லாத பாதை, கீழே ஆறு, கடப்பதற்குக் கொடிகளால் முறுக்கிய கயிற்றுப் பாலம். பச்சை என்பதே அருகி, பாறையும் மணலுமாக விரியும் நிலத்தைக் கண்டு அவர் மருண்டதை அவர் எழுத்து மறைக்கவில்லை. சோஜிக் கணவாய்ப் பக்கத்தில் மே மாத இறுதியிலும் பனி மூடிக் கிடந்தது. வெயில் பட்டு மின்னிய அப்பனியின் ஒளியால் அவருடைய கண்கள் வீங்கிப் பார்வை மங்கின. வெண்பனியின் ஒளி கண்ணைச் சுடும் என்பதை வெப்ப நாட்டில் வாழும் நாம் எளிதில் எண்ணிப் பார்க்க இயலாது.

லே நகரத்தைப் பற்றி அவர் தரும் காட்சி தெளிவானது. சுற்றிலும் மலைகள் சூழ்ந்த அகன்ற வெளி. அதில் ஆங்காங்கே சிற்றூர்கள். ஒரு குன்றின் அடிவாரத்தில் தொடங்கும் நகரம் படிப்படியாக மேலேறுகிறது. வீடுகள் உறுதியானவை, இடம் அகன்றவை. அவற்றுக்கு மேலே தலைமை லாமாவின் இருப்பிடமும் பெரிய மடமும். அதற்கும் மேலே அரண்மனை, உச்சியில் காவற்கோட்டை. இன்று அந்நகருக்குச் செல்வோர் காண்பதும் ஏறத்தாழ இதே அடுக்குத்தான். ஒன்பது நிலை கொண்ட அந்த அரண்மனை 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செங்கே நம்கியால் மன்னரால் எழுப்பப்பட்டது. லாசாவின் பொத்தாலா அரண்மனை 1645இல்தான் தொடங்கப்பட்டது. ஆகவே லே அரண்மனையைப் பொத்தாலாவின் சாயல் என்று வழிகாட்டிகள் சொல்லும்போது, மூத்தது எது என்று கேட்டுப் பார்க்கலாம்.

மழையில்லாத அந்நிலத்தில் வயல் எவ்வாறு விளைகிறது என்ற கேள்வி தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த குடும்பத்தாருக்கு இயல்பாக எழும். மலையுச்சியில் உருகும் பனிநீரைக் கால்வாய் வழியே இறக்கி, முறை வைத்துப் பாய்ச்சி, வாற்கோதுமை விளைவிக்கின்றனர். யார் வயலுக்கு எந்நாளில், எத்தனை நேரம் நீர் என்பதைக் கவனிக்க ஒருவரை ஊரார் அமர்த்துவர். அவரைச் சுர்போன் என்பர். தமிழ்நாட்டு ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி செய்யும் வேலைதான் அது. பெயரும் மொழியும் உயரமும் வேறு. மடையை யார் திறப்பது என்னும் வழக்கு ஒன்று.

அப்போது லடாக்கை ஆண்டவர் நிமா நம்கியால். அவரும், லோன்போ எனப்படும் முதலமைச்சரும், தலைமை லாமாவும் வந்தவர்களை அன்போடு வரவேற்றனர். ஓர் அயல்நாட்டுத் துறவியைத் தம் நாட்டுத் துறவிக்குரிய மதிப்போடு நடத்தினர். நிகழ்ச்சிகள் இவ்வாறே சென்றிருந்தால் இக்கட்டுரைக்கு வேண்டிய சிக்கல் ஒன்றும் இராது. இடையில் ஒரு வதந்தி கிளம்பிற்று. வந்திருப்போர் துறவிகள் அல்லர். முத்தும் மணியும் மறைத்துக் கொண்டுவந்த செல்வ வணிகர் என்று காசுமீர வணிகர் சிலர் பரப்பினர். மன்னர் ஆளனுப்பி அவர்கள் தங்கிய இடத்தைச் சோதிக்கச் செய்தார். தெசிதேரி தம் மூட்டைகளைத் தாமே அவிழ்த்துக் காட்டினார். துணிகளும் நூல்களும் செபமாலைகளும் சிறு பதக்கங்களுமே இருந்தன. ஐயம் தீர்ந்தது, மன்னரின் நட்பும் முன்னினும் மிகுந்தது.

இந்நிகழ்ச்சியை எழுதுவோர் பெரும்பாலும் வணிகரைப் பொறாமைக்காரர் என்று சொல்லிக் கடந்து விடுகின்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அந்த வணிகர் எதற்கு அஞ்சினர் என்பதை அறிய முப்பதாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1679 முதல் 1684 வரை லடாக்குக்கும் லாசாவின் படைகளுக்கும் போர் நடந்தது. லடாக் மன்னர் காசுமீரை ஆண்ட மொகலாயரின் துணையை நாடினார். உதவி கிடைத்தது, அதற்கு விலையும் கொடுக்க வேண்டியதாயிற்று. 1684இல் திங்மோஸ்காங் என்னும் ஊரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, மேலைத் திபெத்தின் ஆட்டு மென்மயிர் லடாக் வழியாகக் காசுமீருக்கே செல்ல வேண்டும் என்று உறுதியாயிற்று. பஷ்மினா எனப்படுவது இந்த மயிரே. சாங்தாங் மேட்டுநிலத்தின் கடுங்குளிரைத் தாங்க வெள்ளாட்டின் மேல்மயிருக்கு அடியில் வளரும் மெல்லிய அடிமயிர் அது. குளிர் நீங்கும் பருவத்தில் அதனைச் சீப்பால் வாரி எடுப்பர். காசுமீரச் சால்வைத் தறிகள் அனைத்தும் இந்த மயிரை நம்பியே ஓடின. ஆயிரக்கணக்கான நெசவாளர் வீட்டு அடுப்பும் அதனை நம்பியே எரிந்தது. லே நகரின் கடைத்தெரு அந்த மயிர் கைமாறும் வாயில். அந்த வாயிலில், யாரும் அழைக்காத இரு வெள்ளையர், துறவிக் கோலத்தில், சரக்கு வந்து சேரும் கோடைக்காலத்தில் வந்து நின்றால் வணிகன் என்ன நினைப்பான்?

அவ்வணிகர் தெசிதேரியைத் தவறாக மதிப்பிட்டனர் என்பது உண்மை. ஆனால் அவர்கள் அஞ்சியது நிகழாமற் போகவில்லை. 1812இல் வில்லியம் மூர்க்ராப்ட் என்னும் ஆங்கிலக் குதிரை மருத்துவர், கிழக்கிந்தியக் கும்பினியின் குதிரைப் பண்ணைத் தலைவர், இந்துத் துறவி வேடம் பூண்டு மேலைத் திபெத்துக்குள் நுழைந்தார். மானசரோவர் ஏரி வரை சென்றார். திரும்பும்போது அவருடன் பஷ்மினா ஆடுகள் வந்தன. அவரே 1820 செப்டம்பரில் லே நகருக்கு வந்து ஈராண்டு தங்கி, மன்னரோடு வணிக உடன்பாடு ஒன்றையும் எழுதிக்கொண்டார். அதனைக் கும்பினியே ஏற்க மறுத்தது வேறு கதை. துறவிக் கோலத்தில் வருபவன் ஆட்டு மயிருக்காக வரக்கூடும் என்ற காசுமீர வணிகரின் கணிப்பு, ஆளைப் பொறுத்தமட்டில் பிழை. காலத்தைப் பொறுத்தமட்டில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முந்தியது. உயரமான ஊர் என்பதால் அங்குள்ளவர் உலகம் அறியாதவர் என்று எண்ணுவது சமவெளியாரின் பழைய மயக்கம். லே நகரத்தார் யார்கந்து, காசுமீர், லாசா, பஞ்சாபு ஆகிய நான்கு திசைச் சந்தைகளின் விலையையும் அறிந்திருந்தனர். துறைமுக நகரில் வாழும் நமக்கு இத்தகைய ஊரைப் புரிந்துகொள்வது கடினமாக இருத்தலாகாது. லே நகரம் மணற்கடலின் நடுவே அமைந்த ஒரு துறைமுகமே; அங்கே கப்பலுக்குப் பதிலாக மட்டக்குதிரையும் இரட்டைத் திமில் ஒட்டகமும் சரக்குச் சுமந்து வந்தன.

தெசிதேரி லே நகரில் தங்கிவிடவே விரும்பினார். மன்னர் நல்லவர், மக்கள் இனியர், மொழியைக் கற்கத் தொடங்கலாம் என்பது அவர் எண்ணம். பிரெய்ரே உடன்படவில்லை. அவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தியாவுக்கு மீள வேண்டும் என்றார். வந்த வழியே திரும்பவும் அவருக்கு அச்சம். வேறு வழி உண்டா என்று உசாவியபோது, கிழக்கே நெடுந்தொலைவில் மற்றொரு திபெத்து உண்டு, லாசா அதன் தலைநகர், அங்கிருந்து நேபாளம் வழியே இந்தியாவுக்கு இறங்கலாம் என்று தெரிய வந்தது. பால்திஸ்தானை முதல் திபெத்து என்றும், லடாக்கை இரண்டாம் திபெத்து என்றும் கருதியிருந்தவர்களுக்கு இந்த மூன்றாம் திபெத்து புதுச் செய்தி. தலைவர் சொல்லுக்குக் கீழ்ப்படிதல் துறவியின் கடமை. தெசிதேரி கீழ்ப்படிந்தார். 1715 ஆகத்து 17ஆம் நாள் லே நகரை விட்டு இருவரும் புறப்பட்டனர். அங்கே தங்கிய காலம் ஐம்பத்திரண்டு நாட்கள்.

ஒரு மாந்தர் குளிருக்கு அஞ்சிய சிறு காரணத்தால் லே ஒரு நல்ல நண்பனை இழந்தது. லாசா ஒரு மாணவனைப் பெற்றது. திரும்பிப் போகும் பாதைக்கு அஞ்சியவர் அதனினும் பன்மடங்கு கொடிய பாதையில் நடக்க நேர்ந்ததைக் காணும்போது முறுவல் தோன்றாமற் போகாது. மேலைத் திபெத்தின் எல்லையில் மங்கோலியப் படையின் தலைவியாக இருந்த ஒரு பெருமாட்டி லாசா திரும்பிக் கொண்டிருந்தார். அவருடைய பெருங்கூட்டத்தோடு சேர்ந்து இருவரும் கடுங்குளிர்காலத்தில் மேட்டுநிலத்தைக் கடந்தனர். அந்தப் பெண்மணியின் பரிவு இல்லையேல் இருவரும் உயிர் பிழைத்திருக்க மாட்டார்கள்.

அவ்வழியில்தான் அவர்கள் கயிலை மலையைக் கண்டனர். கயிலையையும் மானசரோவரையும் கண்டு எழுதிய முதல் ஐரோப்பியர் தெசிதேரியே. அந்த மலையின் அடிவாரத்தை அடியவர் சுற்றி வலம் வருவதை அவர் குறித்திருக்கிறார். அவர் கேட்டறிந்த பெயர் சிவபெருமானுடையது அன்று. பதுமசம்பவர் என்னும் பௌத்த ஆசானுடையது. திருநாவுக்கரசர் தேடிப்போன கயிலைக்கு இன்னொரு பெயரும் இன்னோர் அடியார் கூட்டமும் உண்டு என்பதற்கு அப்பயணக் குறிப்பு ஒரு சான்று.

1716 மார்ச்சு 18ஆம் நாள் லாசா. பிரெய்ரே சில வாரங்களில் நேபாளம் வழியாக இந்தியா திரும்பினார். தெசிதேரி தனியே நின்றார். அங்கே ஆட்சி செய்த மங்கோலிய அரசர் லாசாங் கான் அவரிடம் சொன்னது, முதலில் எங்கள் நூல்களைக் கற்றுக்கொள்ளும் என்பதே. தெசிதேரி அதன்படியே செய்தார். காலை முதல் மாலை வரை திபெத்திய மொழியைப் பயின்று, ஓராண்டு முடிவதற்குள் அம்மொழியிலேயே ஒரு நூல் எழுதி, 1717 சனவரியில் அரசரிடம் அளித்தார். பின்னர்ச் சேரா மடத்தில் மாணவராகச் சேர்ந்து, துறவிகளின் வாதங்களைக் கேட்டும் பெரும் நூல்தொகுதிகளைப் பயின்றும் வந்தார். அவர்களின் தத்துவத்தை மறுக்க வந்தவர், மறுப்பதற்கு முன் அதனை அவர்கள் கற்கும் முறையிலேயே கற்றார். சோங்கப்பாவின் பெருநூலை ஆழ்ந்து பயின்று, அதன் சிறப்பை அவர் வாய்விட்டுப் பாராட்டவும் தயங்கவில்லை. அதே ஆண்டு திசம்பரில் சுங்கர் படை லாசாவைக் கைப்பற்றியது. லாசாங் கான் கொல்லப்பட்டார். தெசிதேரி தெற்கே தாக்போ பகுதிக்கு ஒதுங்கித் தம் கல்வியைத் தொடர்ந்தார்.

இதற்கிடையில் உரோமையில் வேறொரு முடிவு எழுதப்பட்டிருந்தது. திபெத்துப் பணி கப்புச்சின் சபையாருக்கே உரியது; இயேசு சபையார் வெளியேற வேண்டும் என்று சமயப் பணிகளை மேற்பார்த்த பேராயம் ஆணையிட்டது. 1721 ஏப்பிரல் 28ஆம் நாள் தெசிதேரி லாசாவை விட்டு நீங்கினார். ஐந்தாண்டு உழைத்துக் கற்ற மொழி அதன்பின் அவருக்குப் பேசப் பயன்படவில்லை. நேபாளம், பட்டினா, ஆக்ரா, தில்லி என்று சில ஆண்டுகள் கழித்தபின், அவர் தெற்கே அனுப்பப்பட்டார். புதுச்சேரியில் பிரெஞ்சு இயேசு சபையாரின் பணிக்களத்தில் சேர்ந்து, நாற்பது வயது கடந்த நிலையில் தமிழ் கற்கத் தொடங்கினார்.

அந்த ஆண்டுகள் தமிழாசிரியர் நன்கறிந்தவை. 1711 முதல் தமிழகத்தில் பணியாற்றிய வீரமாமுனிவர், தம் தேம்பாவணியை நிறைவு செய்தது 1726இல் என்பர். இருவரும் இத்தாலியர்; ஒரே சபையினர்; வயதில் நான்காண்டே வேறுபாடு. ஒருவர் தமிழில் காப்பியம் பாடிக் கொண்டிருந்த காலத்தில், மற்றவர் திபெத்தியத்தில் ஐந்து நூல் எழுதியிருந்த கையால் தமிழ் நெடுங்கணக்கை எழுதிப் பழகினார். திபெத்திய எழுத்தும் தமிழ் எழுத்தும் பிராமி வழியில் வந்தவை. உயிர்க்குறி மெய்யோடு சேரும் முறையை மலையில் கற்றவருக்கு அது கடற்கரையில் முழுதும் புதிதாக இருந்திராது என்று கருதலாம். நம் மரபிலும் இதற்கு ஒப்பான ஒருவர் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் காசிக்குச் சென்ற குமரகுருபரர், வடநாட்டு மொழியைக் கலைமகள் அருளால் ஒரே நாளில் பெற்று முகலாய அவையில் உரையாடினார் என்பது மரபுவழிச் செய்தி. தெசிதேரிக்கு அந்த அருள் கிட்டவில்லை. ஒவ்வொரு மொழிக்கும் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது.

தமிழ்க்கல்வியும் முழுமை பெறவில்லை. 1693ஆம் ஆண்டு இராமநாதபுரச் சீமையின் ஓரியூரில் கொல்லப்பட்ட சான் தெ பிரித்தோ அடிகளை, அருளானந்தர் என்ற பெயரால் தமிழ் மக்கள் போற்றினர். அவருக்கு அருளாளர் நிலை வேண்டி இங்குத் திரட்டப்பட்ட சான்றுகளை உரோமையில் சேர்க்கும் பொறுப்புத் தெசிதேரியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1727 சனவரியில் புதுச்சேரியில் கப்பலேறினார். மறவர் சீமையின் மக்கள் சொன்ன சாட்சியங்களை, லே நகரையும் லாசாவையும் கண்டு வந்த ஒருவர் ஐரோப்பாவுக்குச் சுமந்து சென்றார் என்பது நம் பாடநூல்களில் இடம்பெறாத செய்தி. அருளானந்தருக்கு அருளாளர் நிலை கிடைத்தது 1853இல். புனிதர் நிலை 1947இல்.

1728 சனவரியில் உரோமை சேர்ந்தவர் இரு பணிகளை மேற்கொண்டார். ஒன்று, திபெத்துப் பணி தம் சபைக்கே உரியது என்று கப்புச்சின் சபையாரோடு வழக்காடுதல். மற்றொன்று, தம் பயண நூலை எழுதி முடித்தல். வழக்கு 1732 இறுதியில் அவருக்கு எதிராகத் தீர்ந்தது. நூல் அச்சேறவில்லை. 1733 ஏப்பிரலில் அவர் மறைந்தார். திபெத்தின் நாடு, மொழி, வழக்கம், சமயம் ஆகிய அனைத்தையும் ஐரோப்பாவில் அதுவரை எவரும் எழுதாத அளவு விரிவாக எழுதிய கையேடுகள் பெட்டிகளில் உறங்கின. வழக்கில் தோற்றவரின் எழுத்து என்பதால் அவருடைய அறிவையும் சேர்த்தே புதைத்து விட்டனர். பின்வந்த ஐரோப்பிய அறிஞர், அவர் கண்டறிந்தவற்றை முதலிலிருந்து மீண்டும் கண்டறிய வேண்டியவராயினர். அங்கேரி நாட்டுச் சோமா தெ கொரோசு 1822இல் லே நகருக்கு வந்து, மூர்க்ராப்டின் தூண்டுதலால் திபெத்தியம் பயின்று, 1834இல் அகராதியும் இலக்கணமும் வெளியிட்டார். தமக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே ஒருவர் அம்மொழியில் நூல்கள் இயற்றியிருந்தார் என்பதை ஐரோப்பியக் கல்வியுலகம் அப்போது மறந்திருந்தது.

இந்த இடைக்காலத்தில் லே நகரின் நிலையும் மாறிற்று. 1834இல் சம்முவின் டோக்ரா படைத்தலைவர் சோராவர் சிங் லடாக்கின்மேல் படையெடுத்தார். நம்கியால் குலத்தார் ஆட்சியை இழந்து, சிந்து ஆற்றின் மறுகரையில் உள்ள ஸ்தோக் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். தெசிதேரி மதிப்போடு வரவேற்கப்பட்ட ஒன்பது நிலை மாளிகை ஆளின்றிச் சிதைந்தது. 1874 சூலையில் நயின் சிங் என்னும் குமாவுன் மலைப் பள்ளியாசிரியர், பௌத்த லாமாவின் கோலத்தில், லே நகரிலிருந்து லாசாவை நோக்கி நடந்தார். நடையின் ஒவ்வோர் அடியையும் எண்ணியே அவர் நிலத்தை அளந்தார். அவரை அனுப்பிய நில அளவைத் துறையின் பெரும் பணிக்கு முதல் அடிக்கோடு 1802இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வரையப்பட்டது என்பதையும் மாணவர்க்குச் சொல்லலாம். துறவிக் கோலத்தைப் பற்றிய காசுமீர வணிகரின் ஐயத்துக்கு இவரும் ஒரு சான்று.

1875இல் தெசிதேரியின் கையேடு அவர் பிறந்த பிஸ்தோயா நகரிலேயே, ஒருவர் வீட்டுத் தொகுப்பில் அகப்பட்டது. அதன் பெரும்பகுதியை 1904இல் கார்லோ புயினி என்னும் இத்தாலியப் பேராசிரியர் அச்சிட்டார். சமவெளி, சிற்றூர்கள், குன்றேறும் வீடுகள், அரண்மனை, மூட்டையைச் சோதித்த அரச ஏவலர் அனைத்தும் எழுதப்பட்டு 170 ஆண்டுக்குப் பின் பொதுமக்கள் படிக்கக் கிடைத்தன. அதே 1904ஆம் ஆண்டில்தான் லே நகரில், மொராவியச் சபையைச் சேர்ந்த பிராங்கே என்னும் அறிஞர், கல்லச்சில் ஒரு செய்தித்தாளைத் தொடங்கினார். லடாக்கியர் தம் ஊர்ச் செய்தியைத் தம் எழுத்தில் முதன்முதலாக அதில் படித்தனர்.